சிவப்பு நூல் கட்டிய கம்பளி

எங்கள் லயத்தில், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த ஒரே வரிசையில், எட்டு வீடுகள். எட்டு வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி வாளி, ஒரே மாதிரி கொழுந்துக் கூடை, ஒரே மாதிரி விளக்குமாறு. எது யாருடையது என்று மற்றவர்கள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. நான் பட்டேன். கல்யாணமாகி அந்த மலைக்கு வந்த முதல் வாரமே ஒரு கண்டு சிவப்பு நூல் வாங்கினேன். வாளிக் கைப்பிடி, கூடை விளிம்பு, விளக்குமாற்றின் கழுத்து, கோழிகளின் கால் என்று ஒன்று விடாமல் கட்டிவைத்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கட்டிவிடு. வழியில எவளாவது மாத்தி எடுத்துட்டுப் போயிரப்போறா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் எனக்குக் கோபம் வருகிற வேகத்தில் வேறு எதுவும் வராது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நான் கொழுந்து பறித்தேன். அவருக்குப் பேக்டரியில் வேலை. மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாடுவதற்காகத் தட்டுத் தட்டாகப் பரப்புவார். என் கூடைக் கொழுந்தைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று அவரிடம் ஒரு முறை கேட்டேன். நான் நகத்தால் கிள்ளமாட்டேன், இரண்டு இலையும் ஒரு குருத்துமாகச் சுத்தமாக ஒடிப்பேன், அதனால் என் கொழுந்து தனியாகத் தெரியும் என்பது என் நினைப்பு. "மாடி ஏறுத வரைக்கும் உன் கொழுந்து. ஏறிட்டா வெறுங் கொழுந்து" என்றார் அவர். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, எனக்கு ஒரு மகன் பிறந்தான். என் குணத்துக்கு அது போதாதா? யாராவது கன்னத்தைக் கிள்ளினால் கையைத் தட்டிவிடுவேன். "அப்படியே மாமா மூஞ்சி" என்று யாராவது சொன்னால், "இல்லை, என் மூஞ்சி" என்பேன்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்ல வேண்டும். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அவள் வீட்டுக்காரர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் எழும்பி நின்றுவிடும். லயத்தில் எல்லாச் சுவரும் அப்படித்தான். அதற்கு மேலே எட்டு வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே புகை. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு இருமல், எந்தப் புருஷன் பெண்டாட்டி எதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்று. நானும் அவளும் ஒரே நேரத்தில் ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சிகள். நான் பெருமாளுக்கு விரதம் இருந்தேன். அவள் நெத்திலிக் கருவாடு வறுத்தாள். வாசனை சுவரேறி என் பூசைத்தட்டில் வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுப்பிலிருந்து இறக்கியிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். நானோ ஒரு கைப்பிடி மிளகாய் வற்றலை எடுத்து எரிகிற அடுப்பில் போட்டேன். புகை அழகாகச் சுவரைத் தாண்டிப் போனது. அந்த நேரம் பார்த்து அவள் வீட்டில் உபதேசியார் செபம் சொல்ல வந்திருந்தார். அவர் தும்மிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். அதோடு புகை நின்றதா என்றால் இல்லை. எட்டு வீட்டையும் சுற்றிப்பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடமே வந்தது. எல்லோரையும்விட அதிகமாக இருமி, வாந்தியெடுத்து, சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள் நான்தான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. சுவருக்கு மேலிருந்த இடைவெளியில் பழைய சாக்குகளைச் சுருட்டித் திணித்தேன். வாசனை கொஞ்சம் குறைந்தது. சத்தம் குறையவே இல்லை.

தை மாதம் எனக்கு மகன் பிறந்தான். அடுத்த பதினைந்தாவது நாள் அவளுக்கு ஒரு மகள். விடுப்பு முடிந்து இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குத் திரும்பினோம்.

மலைச்சரிவில், காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு கொட்டகை இருந்தது. தகரக் கூரை, ஒரு மூலையில் எப்போதும் எரிகிற அடுப்பு, உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. நாற்பது வயதுக்காரி, மூக்குப்பொடி போடுகிறவள், இருபது பிள்ளைகளையும் ஒரே அதட்டில் தூங்கவைக்கிறவள். காலை பத்து மணிக்கும் பிற்பகலிலும் கங்காணி விசில் ஊதுவார். பால் கொடுக்கிற பெண்கள் மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடிவந்து, கொடுத்துவிட்டு, திரும்ப ஓட வேண்டும். பிள்ளைகளைச் சுற்ற எல்லோரிடமும் இருந்தது கம்பெனி கொடுத்த கறுப்புக் கம்பளிதான். அதை இரண்டாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்துக்கொள்வோம். என் மகனுடைய கம்பளியின் மூலையில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "இந்தா பாரு, இது என் புள்ளை கம்பிளி. மாத்திப்புடாத" என்று ஆயாவிடம் தினமும் சொல்வேன். "எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அவளும் தினமும் சொல்வாள்.

ஆனி மாதம் மழை பிடித்தது. அந்த மலையில் மழை பிடித்தால் பிடித்ததுதான், மூன்று நாளைக்கு மலை எங்கே போயிற்று என்றே தெரியாது. அப்படி ஒரு நாள் பத்து மணி விசிலுக்கு நான் ஓடிவந்தேன். தலையில் கட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் இறங்குகிறது, விரல் பத்தும் மரத்துப்போயிருக்கிறது, காலில் இரண்டு அட்டை. கொட்டகைக்குள் புகையும் இருட்டும். கூரை ஒழுகியதால் பிள்ளைகள் யாரும் தொட்டிலில் இல்லை. எல்லாரையும் அடுப்பைச் சுற்றிப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்திருந்தாள் ஆயா. நான் சிவப்பு நூலைத் தேடினேன், கண்டேன், அள்ளியெடுத்தேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாரில் போட்டுக்கொண்டேன். பிள்ளை பாய்ந்து பிடித்துக் குடித்தது. அந்தச் சூட்டில் எனக்குக் கண் சொருகிவிட்டது.

யாரோ என் முன்னால் நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரி. முழுக்க நனைந்து, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நடுங்குகிறாள். என்னைப் பார்க்கவில்லை, என் மடியைப் பார்க்கிறாள். நானும் குனிந்து பார்த்தேன். காதில் ஒரு கடுகளவு கம்மல். என் மகனுக்கு ஏது கம்மல்? என் மகன் இரண்டு பிள்ளை தள்ளி, நூல் இல்லாத ஒரு கம்பளிக்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். ஒழுகிய கூரையால் கம்பளிகள் நனைந்திருக்கின்றன. ஆயா எல்லாவற்றையும் உருவி அடுப்பின் மேல் கயிற்றில் போட்டுக் காயவைத்து, காய்ந்தது காய்ந்தபடி கையில் வந்த பிள்ளையைச் சுற்றியிருக்கிறாள். நூல் கட்டாத மற்ற எல்லோரும் தங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுத்தார்கள். நூலைப் பார்த்து எடுத்தவள் நான் ஒருத்திதான்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்குப் போட நானும் தயாராகிவிட்டேன். ஆனால் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "கொஞ்சம் விடுங்கக்கா. குடிக்கட்டும்."

நான் என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கி அவள் மடியில் போட்டேன். அந்தக் குழந்தை வீறிட்டது. நான் என் மகனை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி, மிச்சப் பாலாவது அவனுக்குச் சேரட்டும் என்று கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே ஆயாவைத் திட்டினேன். கண் தெரியாதவள், கடமை தெரியாதவள், இன்னும் என்னென்னவோ. அவள் நான் முடிக்கிறவரை பொடியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளித் தாழ்வாரத்துக்குப் போன பிறகு ஆயா சொன்னாள்.

"அவளுக்குக் காய்ச்ச. பால் வத்திப்போச்சு. அஞ்சு நாளா அந்தப் புள்ளைக்குக் கஞ்சித் தண்ணிதான். அதையும் கக்குது. நீ சுவத்துக்கு இந்தப் பக்கந்தான இருக்க, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஐந்து நாளாக விடிகிற நேரத்திலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் அந்தக் குழந்தை அழுததைக் கேட்டேன். "வேணுமின்னே கிள்ளிவிடுதா, நம்மள நிம்மதியா இருக்கவிடக் கூடாதுன்னு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். யார் வீட்டில் என்ன குழம்பு என்று மோந்தே சொல்லுகிறவள் நான். ஒரு பிள்ளை பசித்து அழுவது எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். ஆயா மேல்தான் தப்பு என்கிற மாதிரியாகத்தான் சொன்னேன்.

"புள்ளை குடிச்சுதா?" என்று கேட்டார்.

"குடிச்சுது."

"நல்லாக் குடிச்சுதா?"

"அதுக்கு என்ன இப்ப?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் குளிக்கப் போய்விட்டார். வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனிதர் பேசாமல் போனால் அது திட்டுவதைவிட மோசம். நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். இருப்பது ஒரு பிள்ளைக்கான பால். இரண்டாவதாக ஒரு வாய் வந்தால் என் மகனுக்குக் குறையாதா? ஆறு வருஷம் தவமிருந்து பெற்றவன். அதோடு அவள் கேட்டாளா? வந்து கேட்டால் கொடுக்கலாம். கேட்காதவள் வீட்டுக்கு நானாகப் போனால் என் மரியாதை என்ன ஆகும்? எல்லா நியாயமும் என் பக்கமே இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பலமாகக்கூட இல்லை, தேய்ந்துபோன அழுகை. என் மகன் மடியில் வயிறு நிறைந்து தூங்குகிறான். என் ரவிக்கை நனைந்தது.

பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரியும். பால் குடிக்கிற குழந்தை அழுதால் மார் தானாகச் சுரந்துவிடும், நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆனால் அழுதது என் பிள்ளை இல்லையே! கையை மார்பின் மேல் வைத்து அழுத்தினேன். 'அது உன் பிள்ளை இல்லை' என்று என் உடம்புக்கே எடுத்துச் சொன்னேன். அது கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஒவ்வொரு அழுகைக்கும் இந்தப் பக்கம் வழிந்துகொண்டே இருந்தது. நான் வைத்த வக்கீல் பேசுவதற்கு முன்பே உடம்பு தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகனைத் தொட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போனேன்.

அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு கிண்ணமும் கரண்டியுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் மூலையில் நின்றுகொண்டிருந்தார், ஆறடி மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"யக்கா, காலையில…"

"காலையில நடந்தது காலையில. புள்ளையத் தாளா."

தந்தாள். கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது, என் மகனில் பாதிக் கனம்கூட இல்லை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தபோது இதுகூடவா எனக்கு உறைக்கவில்லை? அது குடித்தது. குடித்து முடித்து என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டே தூங்கியது. அவள் வீட்டுக்காரர் எப்போதோ வாசலுக்குப் போயிருந்தார். வெளியே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். காய்ச்சலென்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று இரண்டு வாரமாக மறைத்திருக்கிறாள். நர்ஸ் கோட்டயத்துப் பக்கம், பெரிய கண்ணாடி போட்டவள். குழந்தையைத் தராசில் வைத்துவிட்டு, "இது ஆருடெ குட்டி?" என்று கேட்டாள்.

"என்னுது" என்றேன் நான். "என்னுது" என்றாள் அவளும்.

நர்ஸ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். "ரண்டு பேர்க்கும் கூடி ஒரு குட்டியோ?" என்றாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கும். காய்ச்சலில் வெடித்திருந்த உதட்டோடு அவள் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். சிரித்தால் நன்றாகத்தான் இருந்தாள். ஒன்பது மாதம் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைப் பத்து நாள் ஆசுபத்திரியில் வைத்துக்கொண்டார்கள். குழந்தை என்னிடம். பிழைக்குமா என்று நர்ஸிடம் கேட்டதற்கு, "குடிச்சால் பிழைக்கும்" என்றாள். அந்தப் பத்து நாளும் எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான். பால் குறைந்துவிடக் கூடாதே என்று லயமே சேர்ந்து எனக்குத் தீனி போட்டது. ஒருத்தி முருங்கைக் கீரை கொண்டுவந்தாள், ஒருத்தி பூண்டு வதக்கித் தந்தாள். அவள் வீட்டுக்காரர் எங்கிருந்தோ பால்சுறாக் கருவாடு வாங்கிவந்து, வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு போனார். கருவாட்டு வாசனைக்குப் போர் தொடுத்தவள், பால்சுறாவைப் புட்டுப்போல உதிர்த்து வறுத்துச் சட்டியை வழித்துத் தின்றேன். "இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சனிக்கிழமை. "பெருமாளுக்கும் ஒரு அம்மை இருந்திருப்பால்லா" என்றேன்.

பால் குறையவில்லை. நான் பயந்ததற்கு நேர்மாறாக, கேட்கக் கேட்க ஊறியது. அது எனக்கு அதிசயமாக இருந்தது. கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று பயந்து இத்தனை வருஷம் எதையெதை எல்லாம் கட்டிவைத்தேன்!

அந்த நாட்களில் ஒரு மதியம். மழை விட்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே ஒரு பாறையில், ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் குடித்துக்கொண்டிருந்தன. கீழேயிருந்து மூடுபனி ஏறிவந்து, முதலில் கரண்டு எடுக்கத் தண்ணீரை இறக்கும் பள்ளிவாசல் குழாய்களை, பிறகு பாதையை, பிறகு தேயிலைச் செடிகளை, கடைசியில் என் கால்களையும் மறைத்தது. எனக்குச் சும்மா ஒரு யோசனை வந்தது. இந்தப் பால் என்னுடையது என்கிறேனே, நான் என்ன செய்தேன்? தின்றேன், உட்கார்ந்தேன். தின்ற கீரை லயத்துக்குப் பின்னால் மாட்டுச் சாணத்தில் முளைத்தது. மாடு தின்றது தேயிலைக்கு நடுவே தானாக வளர்ந்த புல். புல்லுக்கு மழை. மழை கடலிலிருந்து வருகிறது என்று எட்டாம் வகுப்பில் படித்தேன். சுறாவும் அதே கடல்தான். அந்த மழையே குழாய் வழியாக இறங்கிக் கரண்டாகி எந்தெந்த ஊரிலோ விளக்காக எரிகிறது, எங்கள் லயத்தைத் தவிர. கால் அரித்தது. குனிந்து பார்த்தால் ஒரு அட்டை, அதுவும் தன் பங்குக்குக் குடித்துக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எது எங்கே முடிந்து நான் எங்கே ஆரம்பிக்கிறேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. கங்காணி விசில் ஊதினார். அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால் நீங்கள் என்னை அறியாதவர்கள்.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். வற்றின மாருக்குப் பிள்ளையை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தால் திரும்பச் சுரக்கும் என்று ஆயா சொல்லியிருந்தாள். அவளும் போட்டாள். முதலில் வெறும் வாய் சப்பல். பிறகு சொட்டு. பிறகு ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவினாள். "யக்கா! வந்துருச்சுக்கா!" எட்டு வீட்டுக்கும் கேட்டது. எட்டு வீடும் சந்தோஷப்பட்டது. நானும் "நல்லதுளா" என்று கூவினேன். கூவிவிட்டு அடுப்பில் இருந்த குழம்பை அடிபிடிக்க விட்டேன்.

அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. கன்னம் வைத்தது, தராசு முள் ஏறியது, என்னைக் கண்டால் கையைக் காலை உதைத்துக்கொண்டு பாய்ந்தது. இனி அது அவளிடம் குடிக்கும். எல்லோரும் வேண்டிக்கொண்டது அதைத்தானே? எனக்கோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. நான் வளர்த்த பிள்ளை, நான் கொடுத்த உயிர், அவள் எப்படிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே ஒருத்தி முணுமுணுத்தாள். அப்போதுதான் என் லட்சணம் எனக்கே புரிந்தது. முன்பு ஒரு பிள்ளையை என்னுடையது என்றேன். இப்போது இரண்டை என்கிறேன். எண்ணிக்கைதான் கூடியது. இப்படியே விட்டால், பாலைக் கொடுத்துக் கிடைத்த அந்தப் பெண்ணின் சிநேகத்தையும் மறுபடி ஒரு மிளகாய்ப் புகையில் தொலைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. தெரிந்தும் மனம் கேட்கவில்லை. அவளிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அவளுக்குக் காரணம் தெரியவில்லை. "யக்கா, என் மேல எதுவும் கோவமா?" என்று இரண்டு முறை கேட்டாள். "எனக்கென்ன கோவம்?" என்று இரண்டு முறையும் கோபமாகச் சொன்னேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் என்னைத் தூரத்துச் சரிவில் வேலைக்குப் போட்டிருந்தார்கள். பத்து மணி விசிலுக்குக் கிளம்பி மூச்சுவாங்க ஓடிவந்தும் தாமதமாகிவிட்டது. கொட்டகைக்குள் நுழைந்தால், அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மகள் பக்கத்தில் பாயில் குடித்து முடித்துத் தன் கால் கட்டைவிரலோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவள் மாரில் என் மகன்.

தலைக்குள் சுர்ரென்று ஏறியது. ஆறு வருஷத் தவம். என்னைத் தவிர யாரிடமும் வாய் வைக்காதவன் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசிய பிள்ளை. அவன் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிய மாதா படத்து உத்தரியத்தை ஒரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒரு காலை ஆட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அவ்வளவு சுகமாகக் குடித்துக்கொண்டிருந்தான். நான் வந்து நின்றது தெரிந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். துரோகி.

அவள் பதறினாள். "ரொம்ப அழுதாங்கக்கா. ஒங்களக் காணோம். மாரு பொங்கிருச்சு, என்னால இருக்க முடியல. இந்தா, வாங்கிக்கிடுங்க" என்று அவனை விடுவிக்கப் பார்த்தாள்.

மாரு பொங்கிருச்சு என்றாளே, அந்த வார்த்தை. என் பிள்ளை அழுதான், அவள் உடம்பு பதில் சொல்லியிருக்கிறது. அவளையும் கேட்காமல்தான் சொல்லியிருக்கிறது. அந்தச் சாயங்காலம் எனக்கு நடந்த அதே காரியம். அது என் பெருந்தன்மை என்றல்லவா இத்தனை நாள் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தேன்! அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. இரண்டு பேருக்குள்ளும் ஒன்றேதான் இருந்துகொண்டு, அழுகிற பக்கம் பார்த்துச் சுரந்திருக்கிறது. அவளிடம் நான் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஏறிய சூடு எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கூடையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்தது.

"விடுளா. குடிக்கட்டும்" என்றேன்.

அவள் பக்கத்தில் போய் அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தோளோடு தோள் இடித்தது. இரண்டு பேர் சேலையும் ஈரம். என் மடி காலியாக இருந்தது. மகள் குடித்தாகிவிட்டது, மகன் குடிக்கிறான், நான் எதற்கு ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை.

கொட்டகையின் கோடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஆயா அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை எட்டிப்பார்த்தாள். மழைக்குள் யாரும் வருகிற மாதிரி தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். ஆயா கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பசி, முட்டி முட்டிக் குடித்தது. தலையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளோடு மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அது குடித்து முடித்து, ஏப்பம் விட்டு, தோளில் தூங்கியும் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, இது யார் பிள்ளை என்று நான் கேட்கவே இல்லை.